ஜாக்கெட் கடதாசிகளைச் சலித்த கதை

வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேல் லயத்து வரிசை வீட்டில் இருக்கும் சண்முகவடிவுக்கு இரண்டு வேலை. பகலில் மலையில் கொழுந்து எடுப்பாள். வீட்டுக்கு வந்தால் தையல் மெஷினில் உட்காருவாள். லயத்துப் பெண்கள் நாற்பத்தேழு பேருடைய அளவு அவளிடம் இருந்தது. யாருக்கு ஜாக்கெட் தைத்தாலும் முதலில் பழைய பேப்பரில் முதுகு, முன்பக்கம், கை என்று அளவு வெட்டிக்கொள்வாள். பேரை முதுகுத் துண்டில் மட்டும் எழுதுவாள். பிறகு மீந்த துணியோடு சேர்த்துச் சுருட்டி, ஒரு நாடாவால் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவாள். பார்க்கிறவர்களுக்கு அது குப்பை. அவளோ கண்ணை மூடிக்கொண்டு கேட்ட கட்டை எடுத்துத் தருவாள்.

அவள் கணவர் கணேசமூர்த்தி தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கிறவர். கால் சுளுக்கி நாலு நாளாக வீட்டில் கிடந்தார். மனுஷனுக்குச் சும்மா இருக்க வருமா? சனிக்கிழமை வடிவு மலைக்குப் போனதும், பெண்டாட்டிக்கு ஒத்தாசை செய்கிறேன் பேர்வழி என்று கட்டிலுக்கு அடியில் இருந்த அத்தனையையும் இழுத்துப் போட்டார். எல்லாக் கட்டையும் அவிழ்த்து, இருபத்திரண்டு வருஷமாகத் தேயிலையைப் பிரித்த அதே கையால் அளவுக் கடதாசிகளையும் தரம் பிரித்தார். பெரிய துண்டெல்லாம் ஒரு சாக்கில், நடுத்தரம் ஒன்றில், சின்னது இன்னொன்றில். கசங்கிச் சுருண்டு கிடந்ததெல்லாம் அவர் கணக்கில் டஸ்ட், கடைசித் தரம். அதைப் போட்டு அடுப்பை மூட்டித் தேத்தண்ணியும் குடித்தாயிற்று.

வேலை விட்டு வந்த வடிவு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“இப்பத்தான் வீடு வீடு மாதிரி இருக்கு, இல்ல?” என்றார் அவர்.

“நாசமாப் போச்சு. நிலக்ஷி ஜாக்கெட்டை இனி எதை வச்சுங்க வெட்டுவேன்?”

அவர்கள் மகள் நிலக்ஷிக்கு ராகலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை முதல் நாள். தங்க இடம் பார்க்க முன்கூட்டியே போய்விட்டாள். சீலைக்கு ஏற்ற துணி ஹட்டன் மக்பூல் முதலாளி கடையில் நேற்றுத்தான் கிடைத்தது. பக்கத்து வீட்டுப் பிரதாப் நாளைக் காலை ராகலைக்குப் போகிறான். அவன் கையில் ஜாக்கெட் போயாக வேண்டும்.

“பிள்ளைக்கு ஃபோன் போட்டு அளவு கேட்டா என்ன?”

“தைக்கிறவளுக்கு மக அளவு தெரியலன்னு அவகிட்டயே கேக்கவா? கொழுந்து நிறுக்கிற எடத்துல என்னைய வச்சுச் சிரிப்பாளுங்க.”

கணேசமூர்த்தியின் முகம் தொங்கிப்போனது. சாக்குகளைக் கவிழ்த்தார். ‘நிலக்ஷி’ என்று எழுதிய முதுகுத் துண்டு கிடைத்தது. அதில் ஒரு கல்யாண விளம்பரத்தின் பாதி இருந்தது. ஒருத்திக்கு வெட்டுவதெல்லாம் ஒரே பேப்பரில்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு துண்டாக வாசித்துக்கொண்டே மீதிப் பாதியைத் தேடினார்.

“மணமகன் தேவைன்னு இங்க முடியுது. படிப்பு, உத்தியோகம் எங்க?... இந்தா இருக்கு!”

கோபத்தில் இருந்த வடிவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முன்பக்கம் இரண்டும் சேர்ந்துவிட்டன. கைத்துண்டு மட்டும் அகப்படவே இல்லை. மூன்று சாக்கையும் கிளறிவிட்டு அவர் அடுப்பைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

“வடிவு,” என்றார் மெதுவாக, “அவ கை அப்படியே உன் கைதான்.”

அது உண்மை. வடிவு தான் மலைக்குப் போட்டுப்போகும் ஜாக்கெட்டை எடுத்து, கையைப் புதுத்துணி மேல் பரப்பிச் சோக்கால் கோடு இழுத்தாள். கொழுந்து எடுக்கிறவளுக்குக் கை நாள் முழுக்க மேலேதான் இருக்கும். பறித்ததைத் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் வீச வேண்டுமே. அதனால் அக்குளில் இரண்டு விரல் இடம் கூட விட்டுத்தான் வெட்டுவாள். இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் தையல் விட்டுவிடும். நாற்பத்தேழு பேருக்கும் அப்படித்தான்.

வடிவு சற்று நேரம் அந்தக் கோட்டைப் பார்த்தாள். பிறகு இரண்டு விரலை உள்ளே தள்ளி இன்னொரு கோடு போட்டாள். கண் நிறைந்துவிட்டது.

“என் பிள்ளைக்கு இந்த இடம் வேணாங்க. அவ கூடை தூக்க மாட்டா.”

அவள் கத்தரிக்கோலை எடுத்தபோது கணேசமூர்த்தி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“வேணாந்தான். ஆனா போர்டுல எழுதணும்னா கையைத் தூக்கணுமே வடிவு?”

அவள் அவரைப் பார்த்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமலே சிரித்தாள். உள்கோட்டைத் தட்டி அழித்துவிட்டு, இரண்டு விரல் இடம் விட்டே வெட்டினாள்.