அஞ்சலி டிஸ்க்

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் எங்கள் ஃப்ளெக்ஸ் கடை. காதுகுத்து, கல்யாணம் எல்லாவற்றுக்கும் பேனர் அடிப்போம். ஆனால் எங்களுக்குச் சோறு போட்டது கண்ணீர் அஞ்சலிதான். இழவு வீட்டில் பந்தல் போடுவதற்குள் பேனர் வந்துவிட வேண்டும், இந்த ஊர் வழக்கம் அப்படி. அந்தப் படங்களுக்கென்றே என் கணவர் கம்ப்யூட்டரில் தனி டிஸ்க் மாட்டி, அதற்கு 'அஞ்சலி' என்று பெயரும் வைத்திருந்தார். உயிரோடு இருப்பவர் படம் ஒன்றுகூட அதில் ஏறக் கூடாது. வேறெதிலும் இல்லாத கண்டிப்பு மனுஷனுக்கு அதில் இருந்தது.

போன தை மாதம் நெஞ்சுவலியில் அவரே போய்ச் சேர்ந்தார். அவர் படத்தை நானேதான் அஞ்சலியில் ஏற்றி, நானேதான் பேனரும் செய்தேன். மற்றவர்கள் செய்தால் எழுத்தைக் கோணலாக வைப்பார்கள்.

அன்றைக்கே கம்ப்யூட்டர் அணைய மாட்டேன் என்றது. ஷட் டவுன் கொடுத்தால் திரை கறுத்து, ஒரே ஒரு வரி நின்றது. அஞ்சலியை அன்மவுண்ட் செய்ய முடியவில்லை, பயன்பாட்டில் இருக்கிறது என்று. கரண்ட்டை நிறுத்துமுன் டிஸ்க்கை எல்லா வேலையிலிருந்தும் விடுவிப்பதுதான் அன்மவுண்ட். அதிலுள்ள ஏதாவது ஒரு ஃபைல் திறந்திருந்தாலும் விடாது. நான் எல்லாவற்றையும் மூடியிருந்தேன். அப்புறம் யார் பிடித்துக்கொண்டிருப்பது? வெளியே பஸ் ஹாரன், ஜனச் சத்தம். அத்தனை சத்தத்திலும் எனக்குப் பயம்தான், வேறென்ன சொல்ல.

பிறகு கொழுந்தன் வந்து பார்த்தார்.

"பவர் பட்டன அமுக்கிப் பிடிங்க மதினி, செத்துரும்."

சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். தினமும் அப்படியே அமுக்கினேன். ஒருநாள் திறந்தால், என் கணவர் படத்தில் வாய்க்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். ஊரையே படம் எடுத்தவர், தன்னை எடுக்க விட்டதில்லை. இருந்த ஒரே நல்ல படம் அது. நகல் எடுக்கப் போனால் பாதியில் நின்றது. இன்னொரு முறை அமுக்கினால் மிச்ச முகமும் போய்விடும் என்று பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

எல்லாரும் விண்டோஸ் வைத்திருக்க, அவர் பிடிவாதமாக லினக்ஸ் போட்டிருந்தார். திட்டிக்கொண்டே அதைக் கற்றுக்கொண்டவள் நான். முந்தைய முறை அணையும்போது என்ன நடந்தது என்று, கம்ப்யூட்டர் தானே குறித்துவைக்கும் லாகை வரிவரியாகப் படித்தேன். அணைகிற நேரத்தில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட், நாலைந்து வரிக் கட்டளை, ஓடியிருக்கிறது. அவர் எழுதியது. அஞ்சலியில் உள்ள ஓர் ஆடியோ ஃபைலைத் திறந்து ஒலிக்கவைக்கப் பார்க்கிறது. அதற்குள் சிஸ்டம் சவுண்டை நிறுத்திவிடுகிறது. சத்தம் வர வழியில்லாமல், ஃபைலைப் பிடித்துக்கொண்டே அது காத்துக் கிடக்கிறது. வரிசையைத் தப்பாக எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். எழுதியது அவர் இறப்பதற்கு முந்தின நாள். அன்று கரண்ட் போனதால் ஷட் டவுன் கொடுக்காமலே கடையைப் பூட்டியிருந்தோம்.

எனக்கு விளங்கிவிட்டது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் டீக்கடைக்கு இறங்கிவிடுகிற ஆள் அவர். "சொல்லிட்டுப் போனா வாய் தேஞ்சா போகும்?" என்று நான் கத்துவேன். "இனிமே கம்ப்யூட்டரே சொல்லிரும் பாரு" என்றார் ஒருநாள். கேலி என்று நினைத்தேன்.

"அந்த ஸ்கிரிப்ட அழிச்சிருங்க மதினி. இம்புட்டுத்தான?" என்றார் கொழுந்தன்.

இம்புட்டுத்தான். ஆனால் நான் அழிக்கவில்லை. சவுண்ட் நிற்பதற்கு முன்னால் அது ஓடும்படி வரிசையை மாற்றினேன். கொழுந்தனை அனுப்பிவிட்டு ஷட் டவுன் கொடுத்தேன்.

ஸ்பீக்கர் கரகரத்தது.

"போயிட்டு வாரேன்" என்றார்.

பின்னணியில் பிரிண்டர் ஓடும் சத்தம். அதையும் தாண்டி என் குரல். பேனர் ஓரம் வெட்டிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டிருக்கிறேன்.

"எங்க போறீங்க?"

புறப்படுகிறவரிடம் கேட்கக் கூடாத கேள்வி. அவர் சிரித்தார்.

"எங்கயும் போகலடி. இங்கனதான் இருக்கேன்."

அஞ்சலி விடுபட்டது. திரையில் எந்த வரியும் வரவில்லை. டிஸ்க்கின் விளக்கு ஒழுங்காக அணைந்தது. மிச்ச முகம் பிழைத்துவிட்டது.

நான் கம்ப்யூட்டரை மறுபடி போட்டேன். அது முழுதாக எழுந்து நிற்கும்வரை பொறுத்திருந்து, ஷட் டவுன் கொடுத்தேன்.