இரண்டாவது கோடு

என் அண்ணனுக்குத் தெலுக் இந்தானில், அவர் வீட்டுக்கு எதிரேயே இருந்த ஒரு கடைவீட்டு மாடியைக் கூட்டிப் பெருக்குகிற வேலை. சூப்புக்கு நல்ல விலைபோகும் கூடுகளை வாலிட் குருவிகள் கட்டட்டும் என்று சன்னல்களை அடைத்து இருட்டாக்கிய மாடி அது. குருவிகளை ஏமாற்றி உள்ளே இழுக்க, பதிவு செய்த கீச்சொலி ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டே இருக்கும். அதில் கத்தும் குருவிகள் எப்போதோ செத்திருக்கும். அந்தச் சத்தம் எனக்கு ஆகவே ஆகாது.

எச்சத் தூசியைப் பெருக்கும்போது மாஸ்க் போடச் சொன்னால் அண்ணன் சிரிப்பார். "படிச்சிட்டாலே இப்படித்தான் லா. எதைப் பாத்தாலும் கிருமி."

பிறகு விடாத தலைவலி. ஈப்போ மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவர் முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீர் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கே வந்தது. பறவை எச்சத்தில் வளரும் பூஞ்சை ஒன்று மூளைவரை போகும். அதைக் கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு சின்னப் பட்டை இருக்கிறது. அதிலுள்ள எதிர்ப்பொருள்கள் பூஞ்சையின் துணுக்கைப் பிடித்தால் இரண்டு கோடு விழும். பிடிக்க ஒன்றுமில்லை என்றால் ஒரே கோடு.

ஒரே கோடுதான் விழுந்தது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. உடனே அண்ணியைக் கூப்பிட்டேன்.

"பயப்படாதீங்க அண்ணி, அது இல்ல."

"அப்புறம் ஏன் இப்படிப் பேசுறாரு? குருவி ரேடியோவ அடைக்கச் சொல்லி நர்ஸ்கிட்ட சண்ட போடுறாரு. இங்க ஏது ரேடியோ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூஞ்சை அளவுக்கு மீறி இருந்தாலும் ஒரே கோடுதான் விழும். எதிர்ப்பொருள்கள் ஆளுக்கொரு துணுக்கைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட, இரண்டாவது கோடு போட ஆள் மிஞ்சாது. அந்த நீரைப் பலமடங்கு நீர்க்கச் செய்து மறுபடி பார்த்தேன். இரண்டாவது கோடு மெல்ல எழும்பி வந்தது. பார்க்கச் சகிக்காமல் பட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வார்டுக்கு ஃபோன் போட்டேன். அன்று சாயங்காலமே மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள்.

அண்ணன் பிழைத்தார். இரண்டு காதும் போய்விட்டன. எதுவானாலும் எழுதிக் காட்ட வேண்டும்.

போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். குருவி வியாபாரம் படுத்து, எதிர்க் கடைவீட்டுக்காரர் ஒலிபெருக்கியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டிருந்தார். தெருவில் ஒரு சத்தமில்லை. அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

அண்ணன் முகத்தைச் சுளித்தார். "அந்தச் சன்னலச் சாத்திட்டு வா தங்கச்சி. கத்திக்கிட்டே இருக்கு."

எழுந்து போய்ச் சாத்தினேன்.

"இன்னும் கேக்குது," என்றார்.