இடையிசையில் தண்ணீர் குடிக்கிறவள்

கிற்றாரை விற்கப்போவதாக என் கணவர் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். விற்பதைவிட அதைச் சொன்ன குரல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. பழைய ஃபிரிட்ஜைத் தள்ளிவிடுவோம் என்று சொல்கிற குரல்.

"எபினே மண்டபக் கலியாணத்தோடை நான் நிப்பாட்டுறன். ஒரு பெடியன் கேட்டவன். அதுக்கடுத்த திங்கள் வந்து கொண்டுபோவான்."

"என்னப்பா விசர்க்கதை இது? பிறகு ஆர் வாசிக்கிறது?"

"தம்பியின்ரை கீபோர்ட்டிலை கிற்றார்ச் சத்தம் கிடக்குது. ஒரு பட்டனை அமத்தினால் காணும். ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது."

மீனைத் திருப்பிப் போட்டேன். அவர் சொன்னது உண்மை.

எங்கள் இசைக்குழுவில் நாலு பேர். பாட்டு நான். கிற்றார் இவர். தாளத்துக்கு எலக்ட்ரானிக் பாட் தட்டுகிறவர் ரூ காய் தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணை. கீபோர்ட் வாசிப்பது தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர். கிழமை நாட்களில் கம்ப்யூட்டர் கம்பனியில் வேலை. பாரிஸிலும் சுற்றுப்புறங்களிலும் கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று எங்கே மண்டபம் எடுத்தாலும் எங்களைக் கூப்பிடுவார்கள். கூப்பிடுவதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. சீடியில் பாட்டு எப்படி இருக்கிறதோ, எங்களிடமும் அப்படியே இருக்கும். இடையிசையில் புல்லாங்குழல் எங்கே வருகிறதோ அங்கே வரும், கிற்றார் எங்கே நிற்கிறதோ அங்கே நிற்கும். அதை நான் ஒரு சட்டமாகவே வைத்திருந்தேன். யாராவது ஒரு சுரம் கூட்டினால் திரும்பி ஒரு பார்வை பார்ப்பேன். அந்தப் பார்வைக்குக் கடைக்கார அண்ணையே பயப்படுவார்.

அந்தச் சட்டத்துக்காக நான் இப்போதும் வெட்கப்படமாட்டேன். எங்கள் சனத்துக்கு வீடு மாறிவிட்டது, நாடு மாறிவிட்டது, பிள்ளைகளின் வாயில் பாஷையும் மாறிவிட்டது. "சாப்பிட வா" என்றால் பிரெஞ்சில் பதில் வருகிறது. பாட்டாவது மாறாமல் இருக்கட்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டால் அதில் என்ன பிழை?

ஆனால் சாம்பல் நிறப் பெட்டியில் கிற்றாரை வைத்து யாரோ ஒரு பெடியனிடம் கொடுப்பதை நினைத்தபோது எனக்கு மீன் தீய்ந்துவிட்டது. வேலைக்களை, அது இது என்று அவர் சாட்டுச் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அவர் ஒரு சாட்டும் சொல்லவில்லை. "விக்கமுதல் ஒரு கச்சேரிக்கு வாரும். எல்லாருமாப் போவம். அவ்வளவுதான் கேக்கிறன்" என்றார்.

அவர் வேலை செய்யும் உணவகத்தின் குசினியில் தலைமைச் சமையல்காரர் ஓர் அமெரிக்கக் குழுவின் பைத்தியம். வெங்காயம் வெட்டும்போதும் அதுதான், பாத்திரம் கழுவும்போதும் அதுதான். ஜாம் பாண்ட் என்று சொல்கிறார்கள். பாட்டு தொடங்கும், எங்கே முடியும் என்று வாசிக்கிறவர்களுக்கே தெரியாது. ஒருநாள் வாசித்ததுபோல இன்னொரு நாள் வாசிக்கமாட்டார்களாம். அந்தக் குழு பாரிஸுக்கு வந்தது. இவர் நாலு டிக்கெட் எடுத்தார்.

நான் வழக்கம்போல றோல்ஸ் பொரித்து அலுமினியத் தாளில் சுற்றிக்கொண்டேன். எங்கள் வழக்கப்படியே நேரம் கழித்தும் வெளிக்கிட்டோம். அழைப்பிதழில் ஐந்து மணி என்றிருந்தால் ஏழு மணிக்குப் போகிற ஆட்கள் அல்லவா நாங்கள். லா சப்பலில் மெற்றோ ஏறி அரங்கு வாசலுக்கு வந்தபோது உள்ளே இருந்து நிலம் அதிர்கிற சத்தம். வாசலில் பையைத் திறந்து பார்த்த ஆள் சாப்பாடு கொண்டுபோகக் கூடாது என்றான். எறிய மனம் வருமா? நாலு பேரும் வரிசையை விட்டு விலகி நின்று றோல்ஸை ஒன்றும் விடாமல் தின்று முடித்தோம். இவர் மட்டும் மென்றபடியே சுவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு நின்றார்.

அந்த அரங்கில் நான் அதுவரை கால்வைத்ததில்லை. எங்கள் மண்டபங்கள் எல்லாம் அதன் ஒரு மூலைக்குள் அடங்கிவிடும். ஆயிரக்கணக்கான சனம், ஒருவரும் கதிரையில் இருக்கவில்லை. மேடையில் பெரிய அலங்காரம் ஒன்றும் இல்லை. வீட்டில் நிற்கிற உடுப்போடு வந்ததுபோல ஐந்து பேர். பாடகன் இரண்டு அடி பாடினான். நல்ல குரல். சரி, இனிப் பாட்டுக்குள் போவான் என்று நான் நிமிர்ந்து நின்றேன். அவன் மைக்கை விட்டு விலகிப் போய், டிரம்ஸ் வைத்திருந்த மேடையின் விளிம்பில் குந்திவிட்டான்.

கிற்றார்காரன் வாசித்தான். வாசித்தான், வாசித்துக்கொண்டேயிருந்தான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பாடகன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நாடியில் கையை ஊன்றியபடி, பக்கத்து வீட்டுக் கதை கேட்கிறவன்போலக் கிற்றார்காரனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சம்பளம் வாங்கிக்கொண்டு குந்தியிருந்து கேக்கிறான் பாருங்கோ" என்று அண்ணையின் காதுக்குள் சொன்னேன்.

எனக்கு இடதுபக்கம் நரைத்த தாடியோடு ஒரு பிரெஞ்சுக்காரர். சாயம் போன டீ சேட். இந்தக் குழு எங்கே போனாலும் பின்னாலேயே போகிறவராம். லியோனில் கேட்டேன், பிரஸ்ஸல்ஸில் கேட்டேன் என்று கோயில் கோயிலாகப் போனவர்போலச் சொன்னார். பிறகு, "இதே பாட்டு. போன தடவை இந்த இடத்தில் இடதுபக்கம் திரும்பினார்கள். இன்றைக்குப் பார், நேரே போகிறார்கள்" என்றார்.

பாட்டு என்ன, பஸ்ஸா திரும்புவதற்கு? எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் அந்த மனிதரின் கண் கலங்கியிருந்தது. மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் அடங்கியது. டிரம்ஸ் நின்றது. கிற்றாரில் ஒரே ஒரு கம்பி, மெதுவாக, ஒரு கேள்வி கேட்பதுபோல. அவ்வளவு பெரிய அரங்கில் ஒரு இருமல் இல்லை. எங்கள் மண்டபத்தில் சத்தம் அடங்கினால் பாட்டு முடிந்தது என்று அர்த்தம். முடிந்தால் கை தட்டவேண்டும், மரியாதை. அண்ணை இரண்டு கையையும் உயர்த்திப் பலமாகத் தட்டினார். அத்தனை சனத்துக்குள்ளும் அவர் ஒருவர் மட்டும். முன்வரிசை முழுக்கத் திரும்பி "உஷ்" என்றது. "என்ன, முடிஞ்சுதெல்லோ? வாங்கோ, சனம் முந்த மெற்றோவைப் பிடிப்பம்" என்று அவர் ஜாக்கெட்டையும் எடுத்துவிட்டார். தம்பிதான் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினார்.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இவரும் சிரிக்கிறாரா என்று திரும்பினேன். அவர் அண்ணையைக் கவனிக்கவேயில்லை. வாய் சற்றுத் திறந்திருந்தது. இடதுகை விரல்கள் ஜாக்கெட்டின் மேல் ஓடிக்கொண்டிருந்தன. மேடையில் இருப்பவன் வாசிப்பதை அல்ல, அவனுக்குப் பதில் சொல்வதுபோல வேறு ஏதோ. அந்த முகத்தை நான் எங்கள் கலியாண நாளில் பார்த்தேனோ தெரியாது. மேடையில் ஒருநாளும் பார்த்ததில்லை. எப்படிப் பார்ப்பேன்? மேடையில் அவர் எனக்குப் பின்னால் நிற்பார். அவர் வாசிக்கும் இடையிசை என்பது நான் சுடுதண்ணீர்ப் போத்தலைத் திறந்து இரண்டு மிடறு குடிக்கிற நேரம்.

எனக்குப் பொறாமை வந்தது. ஒரு பெண்ணைப் பார்த்து இப்படி நின்றிருந்தால் தலைமயிரைப் பிடித்துச் சண்டையாவது போட்டிருக்கலாம். இதற்கு யாரோடு சண்டை போடுவது?

அடுத்தநாள் ரூ காயில், அண்ணையின் கடைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் கூடினோம். ஆளுக்கொரு கச்சேரியைப் பார்த்துவிட்டு வந்ததுபோல இருந்தது.

"சாப்பாடும் போடாமல் அவ்வளவு சனத்தை மூண்டு மணித்தியாலம் மறிச்சு வைச்சிருந்தாங்கள் பாருங்கோ, அதுதான் திறமை" என்றார் அண்ணை. கை தட்டிய கதையை அவர் எடுக்கவில்லை.

"சான்ஸே இல்லக்கா. அந்த சவுண்ட் சிஸ்டம் இருக்கே, கடைசி ரோ வரைக்கும் ஒவ்வொரு நோட்டும் கிளியரா கேட்டுச்சு" என்றார் தம்பி.

"எல்லாம் சரி, பாட்டெங்கை?" என்றேன் நான். "ரெண்டு அடி பாடினான். மிச்சமெல்லாம் வழி தவறினவங்கள் தெரு தேடுற மாதிரிக் கிடந்தது. எங்கடை மண்டபத்திலை இப்பிடி வாசிச்சால் வாழையிலையாலை அடிப்பாங்கள்."

இவர் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டேயிருந்தார். சீனி எப்போதோ கரைந்திருக்கும். "வழி தவறித்தான் போனவங்கள்" என்றார் கடைசியில். "ஒருத்தன் தவற, மற்றவன் கேட்டுக்கொண்டு பின்னாலை போறான். தனிய விடேல்லை. அதைத்தான் உங்களுக்குக் காட்ட நினைச்சனான்."

பிறகு எழும்பி வேலைக்குப் போய்விட்டார். கிற்றாரைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடிவு இன்னும் இறுகிவிடும் என்று பயந்தேன். கலியாணத்துக்கு முந்தின இரண்டு கிழமையும் அந்தப் பெட்டி எங்கள் வரவேற்பறைச் சுவரோடு விருந்தாளிபோல நின்றது. தூசி துடைக்கும்போது அதைச் சுற்றித் துடைத்தேன்.

எபினே மண்டபத்தில் கலியாணம். தாலி கட்டி முடித்து மாப்பிள்ளையும் பொம்பிளையும் உடுப்பு மாற்றிக்கொண்டு மத்தியான வரவேற்புக்கு உள்ளே வரவேண்டும். அதற்கென்று ஒரு பாட்டு. பொம்பிளை வாசலில் கால்வைக்கும்போது பல்லவி, நடுவழியில் இடையிசை, மேடையில் ஏறும்போது சரணம். எல்லாம் அளந்து வைத்தது. ஆனால் எங்கள் கலியாணங்களில் ஐயருக்கும் மேலே ஒரு ஆள் இருக்கிறார், வீடியோக்காரர். அவர் கையைக் காட்டினால் மாப்பிள்ளை நிற்பார், சிரி என்றால் சிரிப்பார். நடுவழியில் தம்பதியை மறித்து, லைட் சரியில்லை, திரும்பப் போய் வாசலில் இருந்து வாருங்கோ என்பார். அப்போது நான் வலதுகையை உயர்த்துவேன். குழு அப்படியே நிற்கும். பிறகு பாட்டு முதலில் இருந்து தொடங்கும். எத்தனை தடவை அவர்கள் திரும்பி நடந்தாலும் அத்தனை தடவை அதே பல்லவி. அதுதான் எங்கள் முறை.

அன்றைக்கும் அப்படியே. பல்லவி முடிந்தது, இடையிசை தொடங்கியது, நான் போத்தலை எடுத்தேன். வீடியோக்காரர் கையைக் காட்டினார். தம்பதி திரும்பி வாசலுக்கு நடந்தார்கள். பொம்பிளையின் பாவாடையைத் தூக்கிப்பிடிக்க நாலு பெண்கள் ஓடினார்கள். நான் கையை உயர்த்தவேண்டும்.

திரும்பிப் பார்த்தேன். இவருடைய கண் என் வலதுகையில் இருந்தது. அவருடைய உள்ளங்கை கம்பிகளை அமத்துவதற்கு ஏற்கெனவே விரிந்திருந்தது. இத்தனை வருடமும் அந்தக் கை அப்படித்தான் காத்துக்கொண்டு நின்றிருக்கிறது என்று அப்போதுதான் பட்டது.

நான் போத்தலைக் கீழே வைத்தேன். சனத்துக்கு முதுகைக் காட்டி, இவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். பாடகி செய்யக்கூடாத காரியம். கையை உயர்த்தவில்லை.

இடையிசை முடியவேண்டிய இடம் வந்தது. அவர் ஒரு கணம் தயங்கினார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் அந்த இடத்தைக் கடந்து போனார்.

முதலில் பயந்து பயந்துதான் போனார். பாட்டின் மெட்டைச் சுற்றியே நின்றார், பிறகு கீழே இறங்கினார். அண்ணை கண்ணை விரித்து என்னைப் பார்த்தார். நான் பார்க்காததுபோல நின்றேன். தட்டிக்கொண்டே இருப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. தம்பி சிரித்துக்கொண்டு இரண்டே சுரங்களைப் பிடித்து அடியில் விரித்துக் கொடுத்தார். இவர் மேலே ஏறினார். ஏறும் வழியில் ஓர் இடத்தில் நின்றார். பிழைத்துவிட்டதோ என்று நினைத்தேன். பிழையில்லை, யோசித்திருக்கிறார். அங்கிருந்து அவர் போன வழியை எனக்குச் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரிந்த மனிதர்தான், கோபம் வந்தால் பேசாமல் சட்டை மடிக்கிற மனிதர். அவருக்குள் இவ்வளவு பேச்சு இருந்திருக்கிறது.

தம்பதி மேடைக்கு வந்துவிட்டார்கள். நான் சரணத்தை எடுக்க ஒரு தட்டுப் பிந்தினேன். கேட்டுக்கொண்டு நின்றுவிட்டேன். அவர் எனக்காக ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வாசலைத் திறந்து பிடிப்பதுபோல அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் உள்ளே வந்தேன்.

சாப்பாடு முடிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பொம்பிளையின் தகப்பன் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "தங்கச்சி, திறம்! அந்த வரவேற்புப் பாட்டு சீடியிலை இருக்கிற மாதிரியே இருந்தது. ஒரு இம்மி பிசகேல்லை."

அண்ணை சிரிப்பை மறைக்கக் குனிந்து பாட் மேலிருந்த தூசியைத் துடைத்தார். நான் நன்றி சொல்லி அனுப்பிவிட்டு இவரைப் பார்த்தேன். பட்டனும் கிற்றாரும் ஒன்றுதான் என்று அன்றைக்கு அவர் சொன்னதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அவர் வயரைச் சுருட்டுவதை நிறுத்தவில்லை. "அவருக்குக் கேக்கேல்லை" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமலே, "உமக்குக் கேட்டதோ?" என்றார்.

"ஓம்" என்றேன். அது போதாது என்று தோன்றியது. "மேலை ஏறேக்கை ஒரு இடத்திலை நிண்டனீங்கள் எல்லோ. அதிலை எனக்கு மூச்சு நிண்டுபோச்சு. நீங்கள் விழப்போறியள் எண்டு நினைச்சனான்."

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான்."

கிற்றாரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். அண்ணையும் தம்பியும் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"திங்கள் வாறன் எண்ட பெடியனுக்கு ஒருக்கால் ஃபோன் எடும். நான் கதைச்சால் அவன் விலையைக் கூட்டித் தாறன் எண்டு நிப்பான். நீர் கதைச்சால் பயந்து விட்டிடுவான்."

நான் அங்கேயே, வாழையிலைகளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தவர்களின் நடுவில் நின்று ஃபோன் எடுத்தேன்.