எங்கள் அக்காவும் ஒரு சாண் சுருட்டும்

எங்கள் அக்கா அவர்கள் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. காலையில் நினைவுப் பூசை கண்டு, மத்தியானம் எங்களோடு இலையில் உட்கார வந்திருக்கும் சொந்தக்காரர்கள், செஞ்சிக் கடைத்தெருப் பழக்கக்காரர்கள் எல்லாருக்கும் உடன்பிறந்த தங்கை கைகூப்பிச் சொல்லிக்கொள்வது. இதை நான்தான் எழுதுவேன் என்று பிடிவாதமாகக் கேட்டு வாங்கினேன். நான் படித்தது கொஞ்சம்தான். ஆனால் அக்காவை எனக்குத் தெரிந்த அளவு இங்கே யாருக்கும் தெரியாது.

அக்கா பிறந்தது அனந்தபுரத்துக்குப் பக்கத்தில், மல்லாட்டை என்னும் வேர்க்கடலை விளையும் செம்மண் காட்டில். நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவுக்குச் சொந்த நிலம் கொஞ்சம், குத்தகை கொஞ்சம். நான் பால் மறக்கும் முன்பே அம்மா இறந்துபோனார்கள். அக்கா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே களை பறித்தார்கள். செஞ்சியில் கல்யாணம் ஆகிப் போகும்போதும், "எந்தங்கச்சி வராத வூட்டுக்கு நான் வரல" என்று சொல்லி, என்னையும் தூக்கி வண்டியில் வைத்துவிட்டுத்தான் தாம் ஏறினார்கள். மாமா தங்கமான மனிதர். கடைத்தெருவுக்குப் பின்னால் வண்டிப் பட்டறை வைத்திருந்தார். ஒரு நாளும் என்னை வேறாகப் பார்த்ததில்லை.

அக்காவின் பொறுமை, கைப்பக்குவம், செபமாலை எல்லாவற்றையும் பற்றி இந்த நினைவு மலரில் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கூச்சப்பட்டு விட்டுவிட்டதை நான் எழுதுகிறேன். அக்கா சுருட்டு பிடிப்பார்கள். அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

தலைப்பிள்ளை பிறந்த பிறகு அக்காவுக்குப் பொறுக்க முடியாத பல்வலி வந்தது. மருத்துவச்சி ஒரு சுருட்டைப் பற்றவைத்துக் கொடுத்து, "இழுத்து வாயிலேயே வெச்சிரு தாயே, பல்லு மரத்துப்பூடும்" என்றாள். வலி போய்விட்டது, சுருட்டு தங்கிவிட்டது. மத்தியான வேலை முடிந்ததும் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து ஒன்று பிடிப்பார்கள். வாங்கி வருவது மாமா. அவர் வாயில் புகையே பட்டதில்லை. ஆனாலும் அக்கா சொல்லி அனுப்பியபடி கடையில் நின்று விரலால் அழுத்திப் பார்த்து, காதோரம் உருட்டிக் கேட்டு, முகர்ந்து பார்த்து, "இது காரும், அத்தக் குடுங்க" என்பார். இதனால் செஞ்சிக் கடைத்தெருவில் மாமாவுக்குப் பெரிய சுருட்டுக்காரர் என்று பெயர். அந்தப் பெயர்தான் எங்களை ஒரு நாள் மாட்டிவிட்டது.

யுத்தம் முடிந்து, பட்டாளத்துக்குப் போனவர்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்த சமயம். மாதா தேரன்று வடம் பிடித்த கூட்டத்தில் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்று அக்காவிடம் மட்டும் சொன்னேன். அக்கா விசாரித்து, ஆள்விட்டு, பெண் பேச வரும்படி செய்தார்கள்.

எங்கள் வகையறாவில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. பெண் பேச வரும்போது மாப்பிள்ளை வீட்டார் ஒரு சுருட்டு கொண்டு வருவார்கள். பெண் வீட்டு ஆள் அதைப் பற்றவைத்துப் பிடிக்க வேண்டும். அது எரிந்து முடியும் வரைதான் பேச்சு. நடுவில் அணைந்தால் சம்பந்தம் இல்லை. எரியும்போது எழுந்து போகவும் யாருக்கும் உரிமை இல்லை. சாதாரணச் சுருட்டு என்றால் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் தீர்ந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வந்தார்கள். பேசுவதற்கு நைனாவும் ஊரிலிருந்து வந்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மா, அவருடைய கொழுந்தனார், மாப்பிள்ளை. மாப்பிள்ளை வழக்கப்படி வெளியே வண்டியடியில் இருந்தார். அந்தக் கொழுந்தனார், அதாவது மாப்பிள்ளையின் சித்தப்பா, பட்டாளத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரைக்குச் சமைத்தவர். மடியிலிருந்து ஒரு தகரக் குழாயை எடுத்தார். திறந்தால் உள்ளே மெல்லிய மரச்சீவல் சுற்றிய சுருட்டு. ஒரு சாண் நீளம், கட்டைவிரலை விடப் பருமன், எண்ணெய் தேய்த்த மாதிரி மினுமினுப்பு.

"தொர கப்பலேறும்போது குடுத்தாரு. எனக்கே புடிக்க மனசு வரல. செஞ்சியிலேயே பெரிய சுருட்டுக்காரரு வூட்டுக்குப் போறோமேன்னு எடுத்தாந்தேன்" என்றார் பெருமையாக.

நைனாவுக்கு மூச்சிழுப்பு உண்டு, புகை ஆகாது. சுருட்டு மாமா கைக்குப் போனது. மாமா ஜெபம் பண்ணுவது போலக் கண்ணை மூடிப் பற்றவைத்தார். கன்னம் குழி விழ இழுத்தார். புகை வரவில்லை. நுனி மட்டும் கருகியது. இன்னொரு குச்சி கிழித்தார். மறுபடியும் இல்லை.

"இன்னாங்க, சுருட்டு உங்க பேச்சக் கேக்க மாட்டேங்குது?" என்றார் சித்தப்பா.

"ஈரம் இருக்கும்" என்று நைனா சமாளித்தார்.

"எங்க சுருட்டுல ஈரமா? தகரத்துல மூடி வெச்சிருந்தேன்!"

சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் நான் அக்காவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நுனியில் ஒரு பொட்டு நெருப்புதான் மிச்சம். அது போனால் என் கல்யாணமும் போகும். அக்கா என் கையை எடுத்துவிட்டு நேரே கூடத்துக்குப் போனார்கள். மாமா கையிலிருந்து சுருட்டை வாங்கி வாய்ப்பக்கத்தைத் தடவினார்கள். நம் ஊர்ச் சுருட்டு இரண்டு பக்கமும் திறந்திருக்கும். இதற்குத் தலைப்பக்கம் இலையை ஒட்டி மூடியிருந்தது. இத்தனை பேரில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை, கொண்டு வந்தவர் உட்பட.

"வாயத் தெச்சு வெச்சுட்டுப் பேசு பேசுன்னா எப்படிப் பேசும்?" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, அரிவாள்மனையில் வெண்டைக்காய்க் காம்பை நறுக்குவது போல ஒரு நறுக்கு நறுக்கி, திரும்பக் கூடத்துக்குக் கொண்டுபோய் மாமாவிடம் கொடுத்தார்கள். மாமா முழு மூச்சாக இழுத்தார். அவ்வளவுதான். இருமல், கண்ணில் தண்ணீர், சுருட்டு கைதவறிப் பாயில் விழப் பார்த்தது. அக்கா அதைப் பிடித்தார்கள். நெருப்பு மங்கிக்கொண்டிருந்தது. ஒரு நொடி என் பக்கம் பார்த்தார்கள். பிறகு வாயில் வைத்து, நிதானமாக இழுத்து, புகையை உத்திரத்தை நோக்கி ஊதினார்கள்.

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "பொம்பள சுருட்டு புடிக்கிற வூட்டுல பொண்ணெடுக்கிறதா? எழுந்திரிங்க அண்ணி."

அந்த அம்மா அசையவில்லை. "உக்காரு தம்பி. நெருப்பு இருக்குதில்ல? நாம கொண்டாந்த சுருட்டு. எரியும்போது எழுந்தா பேரு நமக்குத்தான் கெடும்."

சித்தப்பா சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். எழுந்திருக்க வழியில்லை, எரியப்போவதோ ஒரு சாண்.

பேச வேண்டியதை நைனாவும் அந்த அம்மாவும் பேசினார்கள். எந்தக் கோயிலில் தாலி, எத்தனை பேருக்குச் சாப்பாடு, யார் யாருக்குச் சேலை, எல்லாம் ஓய்ந்தது. சுருட்டு பாதிகூட ஆகவில்லை. மாடு கன்று போட்ட கதை, மேல்சித்தாமூர் பக்கத்து மழை, அதுவும் ஓய்ந்தது. பேச ஒன்றும் இல்லாமல் அந்த அம்மா அக்காவிடமே கேட்டார்கள்:

"எப்படிம்மா இருக்குது?"

"மொதல்ல வறுத்த மல்லாட்ட வாசன வந்துச்சிங்க. இப்ப வெல்லம் போட்ட காப்பி மாதிரி இருக்குது. முழுங்கக் கூடாது, சூடா பாயசம் வாயில வெச்சா உருட்டுவோமில்ல, அப்படி உருட்டி விட்டுடணும். அவசரப்பட்டா காரும். மறந்தா அணையும்."

"சாம்பல் வுழலியே?"

"நல்ல எல. கெட்டியா சுத்தியிருக்கான். பாருங்க, மல்லியப்பூ மாதிரி நிக்குது."

அந்த அம்மா நகர்ந்து அக்காவுக்குப் பக்கத்தில் வந்தார்கள். மெதுவாக, "எனக்கும் அப்பப்ப பல்லுவலி உண்டு" என்றார்கள். அக்கா சிரிக்காமல் சுருட்டை நீட்டினார்கள். நைனா கூரையைப் பார்த்தார். மாமா இன்னும் இருமிக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா, மழ பேஞ்ச செம்மண்ணு மாதிரி!" என்று அந்த அம்மா உரக்கவே சொல்லிவிட்டார்கள்.

சுவர்ப்பக்கம் இருந்த முதுகு அசைந்தது. "தொர கூட சாயங்காலத்துல அப்படித்தான் கண்ண மூடிக்குவாரு" என்றது. கொஞ்சம் பொறுத்து, "இப்ப எப்படி இருக்குது?" என்று கேட்டது.

"திரும்பி உக்காருங்கண்ணே, சொல்றேன்" என்றார்கள் அக்கா.

திரும்பினார். கொடுத்தார்கள். இழுத்தார். தகரத்தில் மூடி இத்தனை நாள் காத்து வைத்த பொருளின் ருசி அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "மொளகு" என்றார், குழந்தை மாதிரி. "அண்ணி, கடைசில மொளகு வருது!" மூன்று பேரும் வட்டமாக உட்கார்ந்து சுருட்டை மாற்றிக்கொண்டதைப் பார்க்கக் கதவு போதாமல் நான் வெளியே வந்துவிட்டேன். வெகுநேரமாக யாரும் வரவில்லையே என்று வண்டியடியிலிருந்து மாப்பிள்ளையும் உள்ளே வந்துவிட்டார். பேசி முடியும் முன் பெண்ணும் மாப்பிள்ளையும் எதிரெதிரே நின்றது எங்கள் வகையறாவில் அதுதான் முதல் தடவை. தடுக்க யாருக்கும் நினைப்பு இல்லை.

ராஜகிரி மலையின் நிழல் தெருவுக்கு வந்தபோது விரல் சுடும் துண்டுதான் மிச்சம். சித்தப்பா நைனாவைக் கேட்கவில்லை, மாமாவைக் கேட்கவில்லை. அக்காவைப் பார்த்து, "எழுந்திருக்கலாமாம்மா?" என்றார்.

"எழுந்திரிங்கண்ணே. பேசி முடிஞ்சுது" என்றார்கள் அக்கா.

பிற்காலத்தில் டாக்டர் சொன்னதும் அக்கா சுருட்டை ஒரே நாளில் விட்டார்கள். கடைசி மாதங்களில் கட்டிலில் படுத்தபடியே, தெருவில் யாராவது பிடித்துக்கொண்டு போனால், "எல சரியில்ல" என்று மட்டும் சொல்வார்கள். ஒரு நாளும் தப்பாகச் சொன்னதில்லை. வலி இல்லாமல், எங்கள் செபத்தைக் கேட்டுக்கொண்டே கண் மூடினார்கள்.

கடைசி நேரத்தில் அவஸ்தைப்பூசுதல் கொடுத்த பங்குச் சாமியாருக்கும், இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட நர்சம்மாவுக்கும், மழையிலும் தோள் கொடுத்துக் கல்லறை வரை தூக்கிச் சென்ற தெருப் பிள்ளைகளுக்கும், பூசைக்கு மெழுகுவர்த்தி அனுப்பிய கடைத்தெரு மளிகைக்காரர் குடும்பத்துக்கும் எங்கள் நன்றி. இந்த மலரை உங்கள் கையில் கொடுத்தவர்கள், இலையில் சோறு வைக்கிறவர்கள், வாசலில் நின்று வாங்க வாங்க என்றவர்கள், எல்லாரும் என் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அக்கா அன்றைக்குக் கூடத்துக்கு வராமல் இருந்திருந்தால் இவர்களில் ஒருவரும் இல்லை. வெட்கப்படாமல் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.