மேகங்கள்: நடுத்தரம்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைக்கும் அந்த மனிதருக்குக் கடைக்காரர்கள் வைத்த பெயர் ‘கால் பவர்’. இருபத்தெட்டு வருஷமாக அதே இயந்திரம், அதே ஸ்டூல். கால் பவர் கூடக்குறைய இருந்தால் போட்டுக்கொள்பவருக்கே தெரியாது, இவருக்குச் சோறு இறங்காது. முதலாளி போதும் என்று தலையாட்டிய லென்ஸைக்கூட விடாமல் வாங்கி மறுபடி அரைப்பார். அப்படி ஒரு பிடிவாதம்.

அவர் மனைவி விமானத்துக்குள் துப்புரவு வேலை பார்த்தவர். ஒரு விமானம் இறங்கி மறுபடி கிளம்புவதற்குள் இருக்கை இடுக்கில் கிடக்கிற குப்பையைப் பொறுக்கி, ஜன்னல்களைத் துடைத்துவிட்டு இறங்கிவிட வேண்டும். இருபது வருஷம் ஏறினார், இறங்கினார். ஒரு நாளும் பறந்ததில்லை.

அவருக்குச் சர்க்கரை வந்து விழித்திரையைத் தின்ன ஆரம்பித்தபோது, மிச்சப் பார்வை எத்தனை மாதம் என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். அது லென்ஸ் அரைத்துச் சரிசெய்கிற காரியம் இல்லை என்பது கால் பவருக்குத் தெரியாதா என்ன? நெஞ்சும் பலவீனம், விமானம் ஏறவே கூடாது என்று ஒரு தடையும் சேர்ந்துகொண்டது. அன்றைக்குத்தான் அந்த அம்மா முதல்முறையாக வாய்விட்டுக் கேட்டார்.

“அத்தனை ஜன்னல் தொடச்சேன். அது வழியா மேகத்த ஒரே ஒரு தடவ பாத்திருக்கலாம்.”

மகள் சும்மா இருப்பாளா? தன் கணவர் விளையாடிக் கழித்த கணினியையும் தலையில் மாட்டுகிற வி.ஆர். கண்ணாடியையும் கொண்டுவந்து வைத்தாள். கணினியில் விமானம் ஓட்டுகிற விளையாட்டு ஒன்று இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டால் விமானத்துக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது போல இருக்கும், திரும்பினால் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே வானம். ஆனால் முதல் நாள் தலையைத் திருப்பினால் படம் ஒரு நொடி கழித்துத்தான் திரும்பியது. மேகத்தை எட்டுவதற்குள் அந்த அம்மாவுக்குக் குமட்டி வாந்தி வந்துவிட்டது.

வாயைக் கொப்பளித்துவிட்டு, “பரவால்லங்க, நாளைக்கு மறுபடி பாக்கறேன்” என்றார்.

“நான் சரி பண்ணாம நீ இதத் தொடவே கூடாது” என்றார் கால் பவர்.

பிடித்தது சனி. கடை விட்டு வந்ததும் கணினி அறைக்குள் போய்விடுவார். விளையாட்டின் அமைப்புகளில் நிழலைக் குறைத்தால் படம் வழுக்கிக்கொண்டு ஓடும், ஆனால் கட்டடமெல்லாம் அட்டைப்பெட்டியாகிவிடும். மேகத்தின் தரத்தை உயர்த்தினால் இயந்திரம் மூச்சு வாங்கும், குறைத்தால் மேகம் பிய்த்துப்போட்ட பஞ்சு. இறக்கை ஓரம் மட்டும் எதைச் செய்தாலும் ரம்பப் பல். ஒரு சாயங்காலத்துக்கு ஒரே ஒரு மாற்றம், பிறகு அதே ஓடுபாதை, அதே புறப்பாடு, அதே இடப்பக்கப் பார்வை. எல்லாம் தேதி போட்டு நோட்டில் ஏறும். சாப்பிடும்போது அத்தனை புலம்பலையும் மனைவி காதில்தான் கொட்டுவார்.

“அம்மா மேகம்தானப்பா கேட்டாங்க. விமானியோட டயல்ல இருக்கற எழுத்து தெளிவா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?” என்று ஒருநாள் மகள் வெடித்தாள்.

“மங்கலாப் பாக்கறதுக்கு எதுக்குப் பாக்கணும்?”

அடுத்த அறையில் இருந்த மனைவிக்கு அது கேட்டது.

ஊரார் கண்ணில் கால் பவர் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற மனுஷர், வீட்டில் உப்பு டப்பாவுக்கு மட்டும் ரப்பர் பேண்டு எதற்கு என்று கேட்கவில்லை. தம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது மனைவி விரலை உள்ளே விட்டு அளவு பார்ப்பதையும் கவனிக்கவில்லை. கோபம் வருகிறது, ஆனால் என்ன செய்ய? அந்த மனுஷர் மனைவிக்காகத்தான் அப்படிக் கிடந்தார்.

ஐந்து மாதம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாம் கூடிவந்தது. மேகங்கள் நடுத்தரம், நிழல் குறைவு, இறக்கை ஓரம் சுத்தம், திரும்பின உடனே திரும்புகிற படம். “வா, வா” என்று குழந்தை மாதிரி கூப்பிட்டார். அந்த அம்மா சுவரில் கை வைத்தபடியே வந்து உட்கார்ந்தார். புறப்பாட்டுக்கான பொத்தானை அழுத்திவிட்டு, கண்ணாடியை அவருக்கு மாட்டி, பட்டையை இறுக்கினார்.

“தெரியுதா?”

“அடேயப்பா. ரம்பம் ரம்பம்னு சொன்னீங்களே, இறக்கை ஓரம் இப்ப நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. மேகமும் பஞ்சு மாதிரி இல்லங்க. நெஜ மேகமேதான்.”

கால் பவருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. தானும் பார்க்கலாம் என்று கணினித் திரைப் பக்கம் திரும்பினார். திரை இருட்டாக இருந்தது. விளையாட்டு இன்னும் லோட் ஆகிக்கொண்டிருந்தது, படமே வரவில்லை, அடியில் ஓடுகிற கோடு பாதியைக்கூடத் தாண்டவில்லை.

“எப்பலேருந்து?” என்றார்.

அந்த அம்மா கையால் துழாவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க நிழலக் கொறச்சீங்களே, அந்த வாரம்.”

நோட்டைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. நிழலைக் குறைத்தது மூன்றாவது மாதம். அதற்கு முன்னால் எட்டு வாரம் இந்தக் கண்ணாடி மேஜைமேல் சும்மா இருந்தது, அவளுக்கும் பார்வை இருந்தது.

கோடு ஓடி முடிந்தது. திரையில் ஓடுபாதை வந்து நின்றது.

“ஓட்டுங்க” என்றார் மனைவி. “மேகம் வந்ததும் சொல்லுங்க.”