காதர் காலியாக விட்ட இடம்

மின்சாரம் வந்து என் கைபேசி விழித்துக்கொண்டபோது காலை பத்து மணி. காதர் மைதீனின் மகள் மூன்று முறை அழைத்திருந்தாள். நான் திரும்ப அழைத்ததும், "பாஜீ, அப்பா போய்விட்டார். நேற்றே அடக்கம் செய்துவிட்டோம்" என்று பர்மிய மொழியில் சொன்னாள். அவளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. பாஜீ என்றால் பெரியப்பா. அந்தப் பெரியப்பாவுக்கு ஒரு பிடி மண் போடும் வாய்ப்புக்கூட இல்லை. ஆற்றுக்கு அக்கரையில் அவர்கள் இருக்கும் தன்லியினிலிருந்து ஆள் அனுப்பியிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை.

ஒளிநகல் எடுத்து நானே பின் அடித்துக் கொடுக்கும் நம் இதழில், காதரின் கப்பல் கட்டுரைகளை நீங்கள் வாசித்திருப்பீர்கள். அவர் முக்கியமாக நினைத்த ஒன்றை மட்டும் நீங்கள் வாசித்ததில்லை. நான் போடவில்லை.

எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர் அவர். ஒரு குளிர்காலத்தில் அவருடைய கப்பல் பழுதாகி எஸ்டோனியாவின் தாலின் துறைமுகத்தில் நின்றது. அங்கே பாரந்தூக்கி ஓட்டிய வேரா என்ற ரஷ்யப் பெண், குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சாம்பல் நிறக் கடவுச்சீட்டைக் காட்டினாளாம். பிறந்த ஊரிலேயே அவள் எந்த நாட்டுக் குடிமகளும் இல்லை. காதர் அதை மறக்கவில்லை. கிடைத்ததையெல்லாம் படித்து, ரஷ்யர்கள் அண்டை நாடுகளுக்கு எப்படிப் போனார்கள் என்று கட்டுரை எழுதி என்னிடம் கொண்டுவந்தார்.

"அவர்கள் வானத்திலிருந்து விழவில்லை. பேரரசரின் படைக்குப் பின்னால் உழவர்கள் கஜகஸ்தான் புல்வெளிக்குப் போனார்கள். சோவியத் காலத்தில் எஸ்டோனியாவின் ஆலைகளுக்கும் துறைமுகங்களுக்கும் தொழிலாளர்கள் ரயில் ஏறினார்கள். வீடு கிடைத்தது. ஊர்மொழி தேவைப்படவில்லை. பிறகு அந்தப் பெரிய நாடு உடைந்தது. இருந்த இடத்திலேயே இருந்தவர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள்."

கடைசி இரண்டு வாக்கியங்களை வைத்துக்கொண்டு மற்றதை அடித்தேன். இதே யாங்கூனில் பிறந்தும், வெளிநாட்டவர் அட்டையைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் "எப்போது வந்தாய்?" என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்தவன் நான். எங்கிருந்து வந்தோம் என்ற பேச்சே எனக்கு ஆகாது.

பபேடான் பகுதியில் ஒரு தேநீர்க் கடையில் சண்டை நடந்தது.

"மறுபடியும் சிவப்புப் பென்சிலா அண்ணே? என் பிள்ளைக்கு மொட்டை போட்டு அனுப்புறீங்க."

"நீதான் அடுத்த தடவை முடியோட கூட்டிக்கிட்டு வர்றியே. வந்தாங்கன்னு எழுதினா, போங்கன்னு சொல்வான், காதர்."

"மறைச்சா மட்டும் இருங்கன்னு சொல்வானா? நம்ம பாட்டன் யார் கொடி பறந்த கப்பல்ல வந்தாரு? ரங்கூனைப் பிடிச்ச வெள்ளைக்காரன் கொடி. வேராவோட அப்பனும் அப்படித்தான் வந்தான். அதுக்கு வேரா என்ன செய்வா? வந்த கதையைச் சொல்லாம அவ கஷ்டத்தை மட்டும் சொன்னா யாரு நம்புவா?"

தேநீரைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன். எனக்காக வாங்கியது வீணாகக் கூடாதென்று அவரே அதையும் குடித்தாராம். கடைக்காரர் பின்னால் சொன்னார்.

காதர் சண்டை போட்ட விதம் அதுதான். நான் அடித்துத் திருப்பியதை, அடித்த வரிகளோடு மறுபடி முழுக்கக் கையால் எழுதிக் கொண்டுவருவார். ஐந்து முறை எழுதினார். ஐந்து முறையும் நான் அடித்தேன். "எஞ்சின் சத்தத்தில் முப்பது வருஷம் தூங்கினவன். உங்க சத்தம் எனக்கு ஒண்ணும் பண்ணாது" என்பார்.

போன வாரம் அவர் மகள் பழைய ஐந்து பிரதிகளோடு ஆறாவதையும் கொண்டுவந்தாள். படுக்கையில் இருந்தபடி எழுதிய அதில் எழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது. அந்த வரிகள் இல்லை. நான்கு விரல் அகலத்துக்குக் காலியாக விட்டிருந்தார்.

"பாஜீக்குப் பிடிக்காது, இப்படியே போடட்டும் என்றார். கட்டுரை வருமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்" என்றாள்.

இத்தனை வருடம் நான் கேட்டது அதுதான். கையில் கிடைத்தபோது வேண்டாமென்று இருந்தது.

ஐந்தாவது பிரதியைப் பார்த்து, அந்தக் காலி இடத்தில் என் கையெழுத்தில் அவருடைய வரிகளை எழுதினேன். இந்த இதழில் கட்டுரை முழுதாக வருகிறது. எனக்கு இன்னும் சம்மதமில்லை. ஆனால் அவர் சொல்ல நினைத்தது அதுதான்.

ஆறு பிரதிகளும் என்னிடமே இருக்கும். அடுத்த மாதம் அட்டையைப் புதுப்பிக்கப் போகவேண்டும். அதே கேள்வியைக் கேட்பார்கள். நான் இங்கே பிறந்தவன் என்று மட்டும்தான் இதுவரை சொல்லிவந்தேன். இந்த முறை, என் பாட்டன் கப்பலில் வந்தார், நான் இங்கே பிறந்தேன் என்று சொல்வேன்.