பனிவண்டி சீட்டில் இரண்டு துளைகள்

நான் பனியைப் பார்த்ததில்லை. ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் படிந்திருப்பதைக் கரண்டியால் சுரண்டியிருக்கிறேன், அவ்வளவுதான். அப்படிப்பட்டவன் ஒரு வருஷம் பனிமலையில் ஓடும் வண்டிகளைப் பற்றி ஊரெல்லாம் அளந்து திரிந்தேன். மாட்டுங்காவில் காய்கறி வாங்கப் போனால் அங்கே, செம்பூரில் எங்கள் கட்டிடத்து லிஃப்டில் ஏறினால் அங்கே. கேட்டவர்கள் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

பம்பாய் தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தொன்றில், இரும்பு ஏணி ஏறிப் போகும் மாடியறையில் எனக்கு ஒரு பட்டறை இருக்கிறது. ஆறு தையல் மெஷின். ஸ்கூட்டர், பைக், ஆட்டோ சீட்டுகளுக்கு உறை தைக்கிறோம். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். நான் பிறந்தது இங்கேதான். பன்னிரண்டாவது வரை இங்கிலீஷ் மீடியம் படித்தேன். பட்டறையில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வினையே அதில்தான் வந்தது.

அந்தேரியிலிருந்து வந்துபோகும் ஏஜென்ட் ஒருவர் ஒரு மே மாதம் புது ஆர்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். வெளிநாட்டுப் பார்ட்டிக்குப் பனிவண்டி சீட் உறை. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டையும் பின்னால் சக்கரத்துக்குப் பதில் பல் வைத்த ரப்பர் பெல்ட்டும் உள்ள வண்டி அது. பார்த்தால் சக்கரம் கழன்ற பைக் என்றுதான் தோன்றும். மலையில் ஓட்டும் அந்த ஒரே வண்டியில் இரண்டு ரகம், ஸ்டாண்டர்ட், பிரீமியம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு ஒரு தாள் கொடுத்தார். கீழே சீட்டின் படம் போட்டிருந்தது.

தாளின் மேல்பாதியை நான் மனப்பாடமே செய்துவிட்டேன். ஸ்டாண்டர்டுக்குப் பெல்ட் குட்டை. பிரீமியத்துக்கு நீளம், பல்லும் உயரம், புதைபனியில் மூழ்காமல் ஏறுவதற்காக. ஸ்டாண்டர்டைக் கயிறு இழுத்துக் கிளப்ப வேண்டும், பிரீமியத்துக்குப் பொத்தான் போதும். பிரீமியத்தின் ஷாக் அப்சார்பரை ஓட்டுகிறவரின் எடைக்குத் தகுந்தபடி திருகி வைத்துக்கொள்ளலாம். சீட்டும் வேறு. ஸ்டாண்டர்ட் சீட் அகலம், ஃபோம் கனம், மேலே சாதா ரெக்சின். பிரீமியம் ஒடுக்கம், இலேசு. முட்டி பிடித்துக்கொள்ளப் பக்கவாட்டில் சொரசொரப்பான துணி, உள்தையல் முழுக்க டேப் ஒட்டி அடைத்திருக்க வேண்டும். விலை கூடின வண்டிக்கு ஏன் ஒடுக்கமான சீட் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. வீடியோ பார்த்தபோது தெரிந்தது. மலைச்சரிவில் ஓட்டுகிறவன் உட்காருவதே இல்லை. நின்றபடி இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் மாறி மாறி வண்டியைச் சாய்க்கிறான்.

இன்னொன்றும் பார்த்தேன். அந்த ஆட்கள் வண்டியை வாங்கியதும் சும்மா இருப்பதில்லை. கைப்பிடியை உயர்த்துகிறார்கள், சைலன்சரை மாற்றுகிறார்கள், பின்னால் பை கட்டுகிறார்கள். ஸ்டாண்டர்டை வாங்கி ஒவ்வொன்றாக மாட்டிப் பிரீமியத்தை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறவர்களும் உண்டு. எனக்கு நம்ம ஆட்களைப் பார்த்த மாதிரி இருந்தது. வண்டி வாங்கின மறுநாளே அதைப் பிரித்து மேயாத ஆள் தாராவியில் உண்டா?

பிரீமியம் உறை முழுவதையும் ஒரு அக்காவிடம் கொடுத்தேன். ஆண்டாப் ஹில்லிலிருந்து பஸ்ஸில் வருவார். எங்களிடம் பதினோரு வருஷம். எழுத்து வாசிக்கத் தெரியாது, அளவு டேப்பில் இருக்கும் எண் தெரியும், படத்தைப் பார்த்தால் தைத்துவிடுவார். வளைவில் அவர் பைப்பிங், அதாவது விளிம்புக்கு உருட்டு நாடா, வைத்துத் தைத்தால் சுருக்கம் தேடினாலும் கிடைக்காது. அதிகம் பேச மாட்டார். பெருமை என்று அவருக்கு ஒன்றே ஒன்று இருந்தது. "எங் கையிலேருந்து போன உறை ஒண்ணுகூடத் திரும்பி வந்தது கிடையாது" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் ஒரு பிடி ஏறும்.

சாம்பிள் பாஸாகி வேலை தொடங்கியபோது ஜூன் பிறந்து மழை பிடித்துக்கொண்டது. பம்பாய் மழையில் ஸ்கூட்டர் சீட் நனைந்தால் தண்ணீர் தையல் வழியே ஃபோமுக்குள் இறங்கி நாலு நாளைக்குப் போகாது. வெயில் அடித்தாலும் உட்கார்ந்து எழுந்தவனின் பேன்ட் ஈரமாகத்தான் இருக்கும். அதற்காக நாங்கள் உறையின் பின்பக்கம் அடியில் இரண்டு துளை போட்டுப் பித்தளை வளையம் அடித்துக் கொடுப்போம். தண்ணீர் வடிந்துவிடும். பனி என்றால் என்ன, அதுவும் தண்ணீர்தானே என்று என் மூளை ஓடியது. வெள்ளைக்காரனுக்குத் தோன்றாதது எனக்குத் தோன்றிவிட்டது என்று ஒரே குஷி. ஸ்டாண்டர்டுக்கு வேண்டாம், விலை கூடின பிரீமியத்துக்கு மட்டும் நம்ம மாடிஃபிகேஷனைச் சேர்ப்போம் என்று முடிவு செய்தேன்.

"அக்கா, பிரீமியத்துல பின்னால அடியில ரெண்டு ஓட்டை போட்டு வளையம் அடிச்சிருங்க" என்றேன்.

அக்கா மெஷினை நிறுத்தினார். "சாம்பிள்ல ஓட்டை இல்லையே தம்பி. உள்ளுக்குள்ள டேப்பு ஒட்டி அடைக்கச் சொல்லுதாவ, அடியில தொறந்து விடவா சொல்லுவாவ? தாள்ல போட்டுருக்கா?"

கேள்வி நியாயமான கேள்வி. 'இல்லை அக்கா, இது என் யோசனை' என்று சொல்லியிருந்தால் போயிற்று. 'அப்ப ஏஜென்ட்டைக் கேளுங்க' என்றிருப்பார். ஆனால் மற்ற ஐந்து மெஷினும் நின்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாசிக்கத் தெரியாத ஒரு அம்மா முன்னால் நான் சிறுத்துப்போவதா?

"போட்டிருக்கு அக்கா. கீழ எழுதியிருக்கான்" என்றேன், வாய் கூசாமல்.

"அப்ப எந்த எடம்னு காட்டுங்க" என்று தாளை வாங்கினார். நான் விரல் வைத்த இடத்தில், ரெக்சினில் அடையாளம் வைக்கிற நீலப் பென்சிலால் படத்தின் மேல் இரண்டு சின்ன வட்டம் போட்டுக்கொண்டார். தாளில் இருக்கிறது என்றதும் அவருக்கு வேறு கேள்வியே இல்லை.

நாலாம் நாள் டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தத் தாளின் கடைசி வரியை வாசித்தேன். பிரீமியம் உறையில் பக்கத் தையலுக்குக் கீழே எந்தத் துளையும் கூடாது என்று தெளிவாக எழுதியிருந்தது. அதற்குள் அக்கா பாதிக்கு மேல் முடித்திருந்தார். நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பார். இத்தனூண்டு ஓட்டையில் என்ன ஆகிவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தாளை மடித்து மேஜை டிராயரில் போட்டேன். என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அக்காவின் பெருமையைப் பணயம் வைத்தேன். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

அங்கே பனிக்காலம் வந்ததும் உறைகள் திரும்பி வர ஆரம்பித்தன. ஏஜென்ட் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஏணி ஏறி வந்தார். பனி அந்தத் துளை வழியாக உள்ளே போய், எஞ்சின் சூட்டில் உருகி ஃபோமில் ஊறி, வண்டியை நிறுத்தியதும் திரும்ப உறைந்திருக்கிறது. இரண்டு மூன்று நாளில் சீட் கல்லாகிவிட்டது. உள்ளே பருத்த ஐஸ் தையலைப் பிளந்திருந்தது. அக்காவின் தையல்! துளை போட்டால் தண்ணீருக்கு வெளியே போக மட்டும்தான் தெரியும், உள்ளே வரத் தெரியாது என்று நான் நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. ஸ்டாண்டர்ட் உறை ஒன்றுகூடத் திரும்பவில்லை.

"யே ஹோல் கிஸ்னே கியா?" இந்த ஓட்டையை யார் போட்டது என்று ஏஜென்ட் கேட்டார்.

நான் ஹிந்தியில் பதில் சொன்னேன். ஸ்கூட்டர் சீட்டுக்குப் போட்டுப் போட்டுப் பழக்கம், அந்தப் பழக்கத்தில் போட்டுவிட்டார்கள் என்றேன். போட்டுவிட்டார்கள். யார் என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. வளையம் அடிக்கும் கைமெஷின் அக்காவின் மேஜையில்தான் இருந்தது.

அக்காவுக்கு ஹிந்தி நன்றாகப் புரியும். எழுந்து நின்று, "மைனே கியா", நான்தான் போட்டேன் என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். மீதியை நான் சொல்வேன் என்று காத்திருந்தார். நான் கிழிந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனி இந்த அம்மா நம்ம சரக்கைத் தொடக் கூடாது என்றார் ஏஜென்ட். சரி என்றேன்.

மறுநாள் அக்காவுக்கு ஆட்டோ சீட்டுக்கு ரெக்சின் வெட்டும் வேலை கொடுத்தேன். இரண்டு நாள் வெட்டினார். மூன்றாம் நாள் சாயங்காலம் கிளம்பும்போது என் மேஜைக்கு வந்தார். "தம்பி, நான் எடத்த மாத்திப் போட்டுட்டேனோ? தாள்ல வேற எடம் சொல்லியிருந்தாவளோ?" என்று கேட்டார்.

"விடுங்க அக்கா. நடந்தது நடந்துபோச்சு" என்றேன். அதைச் சொன்ன குரல்தான் இன்னும் என் காதில் இருக்கிறது. மன்னிக்கிறவன் குரல். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது. அடுத்த நாளிலிருந்து அக்கா வரவில்லை. வீட்டுப் பக்கத்திலேயே ஸ்கூல் பை தைக்கிறார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

அடுத்த மே மாதம் ஏஜென்ட் திரும்ப வந்தார். இடையில் அவர் இந்த வேலையைக் கொடுத்துப் பார்த்த வேறொரு பட்டறையில் பைப்பிங் சுருங்கிப்போனதாம். அதே பார்ட்டி, அதே டிசைன். யாரை வேண்டுமானாலும் வைத்துத் தை, பழைய பைப்பிங் வேண்டும் என்றார். ஆண்டாப் ஹில்லுக்குப் போய் அக்காவின் வீட்டு வாசலில் நின்றேன். உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தார்.

"வாரேன் தம்பி. ஒண்ணே ஒண்ணு. இந்தத் தடவ தாள மேலேருந்து கீழ வரைக்கும் எனக்கு வாசிச்சுக் காட்டிருங்க. போன தடவ எனக்குத்தான் வெளங்காமப் போச்சு போல."

திங்கட்கிழமை காலை அக்கா தன் பழைய மெஷினில் வந்து உட்கார்ந்தார். டிசைன் மாறவில்லை என்பதால் ஏஜென்ட் புதுத் தாள் தரவில்லை. டிராயரிலிருந்து பழைய தாளை எடுத்து விரித்த பிறகுதான் அந்த இரண்டு நீல வட்டம் கண்ணில் பட்டது. பெருவிரலை அதன் மேல் வைத்துக்கொண்டு வாசித்தேன். ஸ்டாண்டர்டில் இது, பிரீமியத்தில் இது என்று ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அகலம், கனம், துணி, நூல், டேப். அக்கா ஒவ்வொன்றுக்கும் "சரி" என்றார். கடைசி வரி வந்தது. அதை விழுங்கிவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். விழுங்கினால் அக்கா திரும்பவும் துளை போட்டுவிடுவார். வாசித்தேன். "பிரீமியத்துல பக்கத் தையலுக்குக் கீழ எந்த ஓட்டையும் கூடாது."

இந்த முறை அக்கா "சரி" என்று சொல்லவில்லை. மற்ற மெஷின்களும் நின்றுவிட்டன.

"இது இந்தத் தடவ புதுசாப் போட்டுருக்காவளா தம்பி?" என்று கேட்டார்.

இதைவிடச் சுலபமாக யாரும் எனக்கு வாய்ப்புக் கொடுத்திருக்க முடியாது. ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்ததை ஒரே வார்த்தையில் இறக்கி வைத்திருக்கலாம்.

"ஆமா அக்கா. புதுசு" என்றேன்.

படம் பார்க்கக் கை நீட்டினார். எப்போதும் பார்ப்பார், கொடுக்காமல் இருக்க முடியாது. பெருவிரலை எடுத்துத் தாளைக் கொடுத்தேன். அக்கா போன வருஷம் தன் கையால் போட்ட வட்டங்களை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு டப்பாவிலிருந்து நீலப் பென்சிலை எடுத்து வட்டத்துக்கு ஒன்றாக இரண்டு கோடு கிழித்து அடித்தார். "சரி தம்பி. இந்தத் தடவ போடல" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மெஷினில் நூல் கோத்தார்.

அந்த உறைகளில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ஏஜென்ட் போன் செய்து சொன்னதை நான் பட்டறை முழுக்கக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். அக்கா தலை நிமிரவில்லை. இன்றைக்கும் எங்களிடம்தான் தைக்கிறார், ஆனால் தன் கையிலிருந்து போன உறையைப் பற்றி அதன் பிறகு அவர் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.